பாதி நாள் அக்காவுக்கு, பாதி நாள் எனக்கு

அக்கா! உன்னை நான் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இந்த ஆடி மழையில் நீ போன பிறகும், அடுப்படியில் பாத்திரம் கை தவறி விழுந்தால் வாய் தானாக உன்னைத்தான் கூப்பிடுகிறது. கூப்பிட்ட பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வருகிறது.

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்ல வேண்டாம். உன்னைப் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீடு திருவனந்தபுரத்தில் ஆரியசாலையில். அப்பாவுக்குச் சாலை என்கிற கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். மூட்டை அவிழ்க்கிற நாளில் தெருவே தும்மும். அக்காவின் பாவாடையிலும் அந்த நெடி ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "முளகுகாரி வந்நல்லோ!" என்பாளாம், மிளகாய்க்காரி வந்துவிட்டாளே என்று. "தும்மிட்டுப் போ, மூக்கு சுத்தமாகும்" என்பாளாம் அக்கா. இரண்டு பேரும் உயிர் சிநேகிதிகள்.

அந்தப் பள்ளிக்கூடம் தம்பானூர் ரயில் ஸ்டேஷனைத் தாண்டி ஒரு மேட்டில் இருந்தது. பெண்கள் ஹைஸ்கூல். நடத்துகிறவரைப் பெரிய சார் என்பார்கள். ஆண் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஊரில் பாடம் சொல்லித் தருகிறவர் பெண்ணாக இருந்தாலும் சார்தான். அந்த அம்மாள் எங்கோ வெளியூரில் படித்துவிட்டு வந்து ஒரு புது முறை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய் விரித்து, பிள்ளைகளும் சார்மாரும் வட்டமாக உட்காருவார்கள். அதற்குச் சபை என்று பெயர். எந்தப் பாடம் எந்த நேரத்தில், கிணற்றடியை யார் கழுவுவது, வகுப்பில் பேசினால் என்ன தண்டனை, எல்லாம் அங்கேதான் கை தூக்கித் தீர்மானம் ஆகும். பெரிய சாருக்கும் ஒரு கைதான், சின்ன வகுப்புக் குட்டிக்கும் ஒரு கைதான். வாரம் ஒருத்தி தலைவி. இன்னொரு சட்டமும் உண்டு. யாருடைய காரியமோ அவர் முதலில் பேச வேண்டும். ஆனால் அந்தக் காரியத்தில் அவர் கை தூக்கக் கூடாது.

அக்கா ராத்திரிச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் சொல்லுவாள். எனக்குக் கதை கேட்கிற மாதிரி இருக்கும். ஒரு தடவை, மணி அடிக்கவே வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். மணி நமக்குக் கட்டளை போடுகிறது என்று ஒருத்தி பேசினாளாம். மறுநாளே மலையாள வகுப்பு நீண்டு நீண்டு சாப்பாட்டு நேரத்தைத் தின்றுவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து மணியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "வயிறு கை தூக்கிச்சாக்கும்?" என்றார்.

அவருக்கு இந்தக் கை தூக்குகிற விஷயமே வேடிக்கை. சாலையில் விலை பேசுவது வாயால் அல்ல. வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. "இப்படி எல்லாருக்கும் தெரியக் கையைத் தூக்கினா ஜெயிச்சவன் யாரு தோத்தவன் யாருன்னு தெரிஞ்சிருமேட்டி. அப்புறம் எப்படி நாளைக்கு மூஞ்சியப் பாக்குறது?" என்று கேட்பார். அக்கா சிரிப்பாள்.

தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்கு இடுப்பு விழுந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னை நாலாம் கிளாசோடு நிறுத்தினார்கள். நான் அழவில்லை. அக்கா கெட்டிக்காரி, அவள் படிக்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன். பிறகு வைத்தியர் வந்து, தினமும் தைலம் தேய்த்து வெந்நீர் ஊற்ற வேண்டும் என்றார். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க எனக்குப் பலம் போதவில்லை. ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து கீழே விழுந்தோம். அன்று ராத்திரி அப்பா சொல்லிவிட்டார், பெரியவளையும் நிறுத்திவிடலாம் என்று. அக்கா அப்போது ஐந்தாம் பாரம். இன்னும் ஒரு வருஷம் போனால் பரீட்சை எழுதி முடித்திருப்பாள். அவள் தட்டுகளைக் கழுவினாள். கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை அம்மாவைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டு, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

"திங்கக்கிழமையிலே இருந்து மக வரமாட்டா, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

"நிறுத்துறது உங்க அதிகாரம்" என்றார் பெரிய சார். "ஆனா இவிடெ ஒரு வழக்கம் உண்டு. சபையிலே சொல்லணும். இன்னிக்கு வெள்ளிக்கிழமையல்லே? இருங்க."

"இந்தப் புள்ளைககிட்டயா?"

"என்கிட்டச் சொல்றதும் அவங்ககிட்டச் சொல்றதும் ஒண்ணுதான்."

அப்பா பாயில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். அந்த வாரத் தலைவி, அக்காவை முளகுகாரி என்று கூப்பிடுகிற அதே சிநேகிதி. கேலிப் பேச்செல்லாம் விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் அக்காவைப் பேசச் சொன்னாள்.

அக்கா எழுந்து தாவணி முனையைத் திருகிக்கொண்டே, "அம்மாவால எந்திரிக்க முடியல. அப்பா சொல்லுதது நியாயம்தான். எனக்குப் படிக்கணும். ரெண்டும் உள்ளதுதான்" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

"தைலம் தேய்க்கணும், தூக்கணும். சின்னவளுக்குத் தெம்பு பத்தாது. நான் கடையைப் போட்டுட்டு வர முடியாது. அவ்வளவுதான் விஷயம்" என்றார் அப்பா.

"அண்ணாச்சி" என்றாள் தலைவி. சாலை முழுக்க அப்பாவை அப்படித்தான் கூப்பிடும், அவளும் அப்படியே கூப்பிட்டுவிட்டாள். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். "தைலம் எப்போ தேய்க்கணும்?"

"உச்சை திரிஞ்சப்புறம், மத்தியானத்துக்கு மேல."

"காலையிலேயோ?"

"காலையிலே கஞ்சி காய்ச்சணும். தொட்டிலாட்டணும்."

"அது ஆரு செய்யும்?"

அப்பா என்னைக் காட்டினார். "இவதான்."

"அப்போ காலையிலே அக்காவுக்கு வீட்டிலே எந்து ஜோலி?"

அப்பா காதைச் சொறிந்தார். "கேள்வியெல்லாம் கோர்ட்டுல கேக்கிற மாதிரி இருக்கே" என்றார். பெரிய சாரே சிரித்துவிட்டார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குட்டி, "இவ எந்த ஸ்கூலிலே படிக்கிறா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நாலோட நிறுத்தியாச்சு" என்றார் அப்பா. "ஒருத்தி படிச்சா ஒருத்தி வீட்டிலே வேணும்லா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். என்னைப் பற்றி அவள் அங்கே ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்படியாணெங்கில் இது இவளோட காரியமும்தான்" என்றாள் தலைவி. "இவளும் பேசணும்."

"அக்கா படிக்கட்டும்" என்றேன். அதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். அத்தனை முகமும் எனக்காகக் காத்திருந்தது. "எனக்கும் படிக்கணும்னு இருக்கு" என்று வந்துவிட்டது.

அப்பா திரும்பினார். "வீட்டிலே நீ சொல்லவே இல்லையேட்டி?"

"நீங்க கேக்கலையே."

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் ஒருத்தி சொன்ன யோசனைதான் நின்றது. காலையில் அக்கா வரட்டும், நான் வீட்டில் இருக்கட்டும். உச்சைக்கு மேல் அக்கா வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்க்கட்டும், நான் வந்து சின்ன வகுப்பில் உட்காரட்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள் என்று பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளட்டும்.

பெரிய சாருக்கு அது பிடிக்கவில்லை. "கணக்கு உச்சைக்கு அப்புறம்தான். அடுத்த வருஷம் பரீட்சை. பாதி நாள் வந்தா இவ தோத்துப்போவா. எனக்குச் சரியாத் தோணலை" என்று நேராகவே சொன்னார்.

தலைவி கை தூக்கச் சொன்னாள். அப்பாவும் கையைத் தூக்கினார்.

"அண்ணாச்சி தூக்கக் கூடாது. இது உங்க காரியம்."

"என் மக காரியத்திலே எனக்குக் கை இல்லையா?"

"அக்காவுக்கும் இல்லை, அனியத்திக்கும் இல்லை" என்று எங்கள் இரண்டு பேரையும் காட்டினாள்.

நாங்கள் மூன்று பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் கைகள். வேண்டாம் என்பதற்குப் பெரிய சாரும் கணக்கு சாரும் மட்டும்தான் தூக்கினார்கள்.

"பெரிய சார் தோத்து" என்றாள் தலைவி.

"தோத்தேன்" என்று அவர் சிரித்தார். "அப்போ கணக்கைக் காலையிலே வைக்கணும். நாளைக்கே நேரத்தை மாத்தி எழுதறேன்." பிறகு அப்பாவிடம், "இது சபையோட தீர்மானம். வீடு உங்களோடது. நீங்க ஒத்துக்கிட்டாத்தான் நடக்கும்" என்றார்.

அப்பா கும்பிட்டுவிட்டு எழுந்தார். மேட்டிலிருந்து இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். ஸ்டேஷன் பக்கத்தில் வந்தபோது எஞ்சின் புகை விட்டுக்கொண்டு நின்றது. அந்த இரைச்சலில் அப்பா ஏதோ சொன்னார், கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி வந்து மறுபடியும் சொன்னார்.

"தோத்துட்டுச் சிரிக்காங்களே அந்த அம்மா! தோத்த கையோட கணக்கையும் மாத்துதேங்காங்க. சாலையிலே ஒருத்தன் செய்வானா?"

ஆரியசாலைப் பக்கம் திரும்பும்போது அக்காவைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை காலையிலே நீ போ. உச்சைக்கு இவ போகட்டும்" என்றார். "கணக்கிலே மட்டும் கோட்டை விட்டே, அப்புறம் இருக்கு உனக்கு."

அன்று தொடங்கிய நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உச்சை வெயிலில் நான் மேட்டுக்குப் போவேன், அவள் இறங்கி வருவாள். நடுவில் எங்காவது சந்திப்போம். எங்களுக்கு ஒரே குடை. அவள் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாள். "சோறு வடிச்சிட்டியா? அம்மா என்ன செய்யுதா? தம்பி தூங்குதானா?" என்று கேட்பாள். "இன்னிக்கு மலையாள சாருக்குத் தொண்டை கட்டியிருக்கு, நீ தப்பிச்சே" என்பாள். நின்று பேச நேரம் இருக்காது. இருந்தாலும் நின்று பேசுவோம். ஒரு நாள் பேசிக்கொண்டே நின்று, மணி அடிக்கிற சத்தம் மேட்டிலிருந்து கேட்டு நான் ஓடினேன். அவள் பின்னாலிருந்து கத்தினாள், "குடையை மடக்கிட்டு ஓடுட்டி!" என்று.

வெள்ளிக்கிழமை மட்டும் அத்தையை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு இரண்டு பேரும் சபைக்குப் போவோம். முதல் தடவை நான் கை தூக்கியது கிணற்றுக்குப் புதுக் கயிறு வாங்குவதற்கு. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் என் கையையும் ஒருத்தி பார்த்து எண்ணினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினேன், அக்கா அலுத்துக்கொள்ளாமல் கேட்டாள்.

அவள் பரீட்சையில் பாஸானாள். கணக்கிலும்தான். அவள் இடம் முடிந்ததும் என் பாதி இடமும் முடிந்தது. என்னைத் தொடர்ந்து வரச் சொல்லிச் சபையில் தீர்மானம் போட்டார்கள். நான்தான் படிப்பை நிறுத்திக்கொண்டேன். அம்மாவைத் தூக்க எனக்கு அப்போது பலம் வந்திருந்தது. அக்காவைச் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லித் தர அழைத்திருந்தார்கள். போகட்டும் என்று தோன்றியது. குட்டிகள் அவளைச் சின்ன சார் என்றார்கள். வீட்டில் நானும் அப்படிக் கூப்பிட்டுக் கேலி செய்வேன். கரண்டியை ஓங்கிக்கொண்டு வருவாள்.

இந்த ஆடியில் அக்காவுக்கு விஷ சுரம் வந்தது. பெரிய சார் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுர வேகத்தில் அவள் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேசச் சொன்னாள். "நீ சொல்லு, அடுத்து நீ சொல்லு" என்றாள். நாங்கள் பதில் சொன்னோம். பிறகு ஒரு நாள் விடிகிற நேரத்தில் போய்விட்டாள்.

அப்பா இப்போது கடையில் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவள் போன வாரத்து வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு அவரே மேட்டுக்குப் போனார். வட்டத்தில் உட்கார்ந்து, பேசலாமா என்று கேட்டுவிட்டுப் பேசினார். "எம் மக உங்ககூடப் படிச்சு முடிச்சா. அவளுக்காக வேண்டிக்கிடுங்க" என்றார்.

நானும் அதையேதான் கேட்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்றைக்கு விளக்கு வைக்கும்போதோ படுக்கப் போகும்போதோ எங்கள் அக்காவை நினைத்து ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அவள் நல்ல இடத்தில் இருக்க வேண்டும்.