இஸ்திரி போட்ட சரிவு

புல்டோசர் ஓட்டும் அந்த மனிதருக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் இஸ்திரி. கேலிதான், ஆனால் அவருக்கு உள்ளூர அதில் பெருமை. நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தை மண் போட்டு நிரப்பி, பழையபடி மலைச்சரிவாக்குவது வேலை. மற்றவர்கள் இரண்டு தடவை இழுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவரோ மேலும் கீழுமாகப் பத்துத் தடவை ஓட்டி, ஒரு கல் துருத்தாமல் வழவழவென்று ஆக்கிவிட்டுத்தான் இறங்குவார்.

சரிவுக்கு எதிரே குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். கரித்தூசியில் இருமல் பிடித்து, மனைவி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். "அந்த மலை பச்சையாகட்டும், மறுநாளே வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மனிதர் ஒற்றை ஆளுக்குச் சமைத்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்.

கன்று நட்டார்கள். மழை பெய்தது, தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடிற்று, கன்றுகள் கருகின. "எல்லாம் சொத்தைக் கன்னு!" என்று நர்சரிக்காரரைத் திட்டித் தீர்த்தார். அடுத்த வருஷமும் அதே கதை.

அப்புறம்தான் மரம் நடும் பிரிவிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்து, கடப்பாரையால் ஒரு குத்துக் குத்தினார். அது விரற்கடை கூட இறங்கவில்லை.

"யாருங்க இப்படி இறுக்கினது? ரோடா போட்டீங்க? வேர் எப்படி இறங்கும்?"

பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இஸ்திரிக்கு முகம் செத்துப்போயிற்று.

"நான்தாம்மா. நல்லா இருக்கட்டும்னு செஞ்சேன்."

"இவ்வளவு நல்லது பண்ணாதீங்கய்யா. கிளறிப் போட்டு, கரடுமுரடாவே விட்டுடுங்க."

பார்த்துப் பார்த்து வழித்த சரிவைத் தானே வண்டியில் கொக்கி மாட்டிக் கிழித்தார். கட்டியும் கல்லுமாகப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் பாருங்கள், அந்த அலங்கோலத்தில்தான் மழைத்தண்ணீர் தங்கியது. மூன்றாம் வருஷம் நட்ட கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன.

ஜன்னலைத் திறந்துவைத்து மனைவிக்குப் போன் போட்டார்.

"மலை பச்சையாயிடுச்சு. எப்ப வர்ற?"

"முதல் வருஷமே கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேங்க. இத்தனை நாளா பெட்டியைப் பிரிக்காமத்தான் வச்சிருந்தேன். போன மாசம்தான் துணியெல்லாம் எடுத்து அலமாரியில அடுக்கினேன். இங்கயே பழகிடுச்சு."

"சரி, உடம்பைப் பாத்துக்க" என்றார்.

போனை வைத்துவிட்டு, மனைவியின் கட்டில் விரிப்பை ஒரு சுருக்கமும் இல்லாமல் மறுபடி இழுத்துவிட்டார்.