நான் மேஜர்

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, தேடல் கட்டத்தில் ஒரு மாணவி அடித்து வைத்திருந்த ‘அலைடு’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாக அழிக்கிறது. மெஹர் பானுவின் கை. சேலையூர் கேம்ப் ரோட்டில் எட்டு கம்ப்யூட்டர்களோடு பிரவுசிங் சென்டர் நடத்துகிறார். விலங்கியலோ தாவரவியலோ படிக்கிற பிள்ளைகளுக்குத் துணைப்பாடமாக வேதியியலும் உண்டு. நம் கல்லூரிகளில் அதற்குப் பெயர் அலைடு கெமிஸ்ட்ரி. “அந்த வார்த்தை நம்மூரோட சரி, நெட்டுக்குத் தெரியாது” என்பார்.

பட்டுத் தெரிந்துகொண்டது இது. கிட்டு என்ற மாணவன் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினான். உலகப் போரின் நேச நாட்டுப் படைகளுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயராயிற்றே! அவர்கள் விஷவாயு வீசிய வரலாற்றைப் பதினொரு பக்கம் பிரின்ட் எடுத்து, படித்தும் பார்க்காமல், ஸ்பைரல் பைண்டிங் போட்டு அசைன்மென்ட்டாகக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து நல்ல கெமிஸ்ட்ரி பக்கங்களைத் தேடி வைப்பது பானுவின் வேலையாகிவிட்டது.

வேதியியலை முதன்மைப் பாடமாக எடுக்காதவர்களை அமெரிக்காவில் ‘நான்-மேஜர்’ என்கிறார்கள். இந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது. உடனே அமலராணி என்ற விலங்கியல் மாணவியிடம், “நான் மேஜர்னு போடும்மா” என்றிருக்கிறார். அவளோ, “நானும் மேஜர்தான்க்கா, போன மாசமே பதினெட்டு முடிஞ்சிடுச்சு” என்றாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் பானு வாய்விட்டுச் சிரிப்பார்.

கத்தரிக்காய் பொறுக்குவது போலத்தான் அவர் தளங்களைப் பொறுக்குகிறார். படம் ஆடிக்கொண்டே இருந்தால் மூடிவிடுவார். நம் லைனில் அது திறப்பதற்குள் கரன்ட் போய்விடும். முதல் பக்கத்திலேயே கணக்கைக் காட்டி மிரட்டினாலும் தள்ளுபடி. நர்சிங் மாணவிகளுக்காக யாரோ ஒரு வாத்தியார் எழுதிய பக்கம் அவருடைய செல்லம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்வார்: “மோல்னா பயப்படாதீங்க. டஜன் மாதிரி அதுவும் ஒரு எண்ணிக்கை, அவ்ளோதான். முட்டையை டஜன்ல எண்றோம், அணுவை மோல்ல எண்றோம்.” முகவரிகளையெல்லாம் ஒரு நீல நோட்டில் மணிமணியாக எழுதி வைத்திருக்கிறார். தனக்குப் புரியாத எதையும் அதில் ஏற்றுவதில்லை. பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பப் போகும்போதெல்லாம் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். என் எழுத்தில் அவ்வளவு நேர்மை கிடையாது.

இத்தனை மெனக்கெடுவது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். கீபோர்டைத் துடைத்தபடியே சொன்னார். பி.எஸ்சி. தாவரவியலில் மற்ற எல்லாத் தாளும் தேறியும் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அலைடு கெமிஸ்ட்ரியில் ஒரு தாள் பன்னிரண்டு வருடமாக அரியர் நிற்கிறது. பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு இந்த ஏப்ரல்தான் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகமும் சொல்லிவிட்டது. “இதுவும் போச்சுன்னா நான் பிளஸ் டூதான் சார்.”

எழுதினார். ரிசல்ட் வந்த அன்று சென்டரில் நிற்க இடமில்லை. பிள்ளைகள் நீட்டிய ஹால் டிக்கெட்டைப் பார்த்துப் பார்த்து, அவர்தான் ஒவ்வொரு எண்ணாக அடித்தார். கூட்டம் கலைந்த பிறகும், தேறிவிட்ட அமலராணி மட்டும் போகவில்லை. அக்காவின் நம்பரைக் கேட்டாள். பானு எழுந்து தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே, சீட்டு எதுவும் இல்லாமல், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய எண்ணைத் தடங்கலின்றிச் சொன்னார்.

பக்கம் மேலிருந்து மெல்ல இறங்கியது. முதலில் பெயர் வந்தது, பிறகு தாளின் பெயர், பிறகு நாற்பத்து மூன்று என்ற மதிப்பெண். அதன் பக்கத்தில், பாஸ் என்பதற்கு அடையாளமாக ஒற்றை ஆங்கில எழுத்து, ‘பி’.

அமலராணி கை தட்டினாள். பானு குனிந்து, துப்பட்டா முனையால் திரையில் அந்த எழுத்தின் மேல் இரண்டு முறை அழுத்தித் துடைத்துப் பார்த்தார்.