ஐந்தாம் நம்பர் செருப்பு

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு அளவுகள் கேட்டு அனுப்பினார்கள். ஒன்று அளவு ரவிக்கை. இன்னொன்று கால் அளவு. எழுபதுகளின் கடைசியில் எங்கள் வாடிப்பட்டிப் பக்கம் கால் அளவு என்றால் ஈர்க்குதான். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, காலைத் தரையில் ஊன்றி, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை வைத்து ஒடித்துக் கொடுப்பார்கள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் போய்க் கடைக்காரரிடம் நீட்டினால், அதற்குத் தகுந்த செருப்பு வந்துவிடும். காலுக்குச் சொந்தக்காரி கடைக்குப் போக வேண்டியதே இல்லை.

அம்மா ஒடித்துக் கொடுத்த ஈர்க்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பெரிய கால். அதிலும் எனக்கு அகலமும் சேர்த்தே கொடுத்திருந்தான் ஆண்டவன். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் மண்வெட்டி. பெண் பார்க்க வந்த அன்றுகூடச் சேலையை நன்றாக இறக்கிக் கட்டிக்கொண்டுதான் காபித் தட்டோடு வந்து நின்றேன். அப்படிக் காப்பாற்றி வைத்த ரகசியத்தை இந்த ஈர்க்கு போய் மாப்பிள்ளை வீட்டில் உளறிவிடுமே! அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு விரற்கடை ஒடித்து அடுப்பில் போட்டேன். மீதியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

மாப்பிள்ளை யார், அவர் பிழைப்பு என்ன என்று கொஞ்சம் யோசித்திருந்தால் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டேன். அவருக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் உத்தியோகம். மதுரை பழங்காநத்தத்தில் அவர் கால் படாத சந்து கிடையாது. நாளெல்லாம் நடப்பவர் என்பதால் செருப்பு விஷயத்தில் அவர் பெரிய வித்துவான். செருப்பைக் காலையில் வாங்கக்கூடாது, நடந்து கால் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில்தான் வாங்க வேண்டும். கையால் வளைத்துப் பார்த்தால் விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் வளைந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் கிளம்பவே கூடாது, வாருக்குப் பத்து நாள் விளக்கெண்ணெய் தடவி வீட்டுக்குள் போட்டுப் பழக்க வேண்டும். இப்படி அவரிடம் நிறைய இருந்தது. கல்யாணமான முதல் வாரம் முழுக்க நான் கேட்ட காதல் வசனங்கள் இவைதான்.

எனக்கு வாங்கிய செருப்பிலும் அவர் குறை வைக்கவில்லை. பெருவிரலுக்கு ஒரு வளையம், மேலே அகலமான பட்டை, குதிகாலைச் சுற்றிப் பக்கிள் வைத்த வார். அருமையான தோல். ஐந்தாம் நம்பர்.

என் கால் ஏழாம் நம்பர்.

விரல்களை உள்ளுக்குள் மடக்கி, வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"கச்சிதமா இருக்குல்ல?"

"இருக்குங்க."

அந்த ஒரு வார்த்தையோடு மாட்டிக்கொண்டேன். அதன்பிறகு தினமும் அவரே உட்கார்ந்து அந்த வாருக்கு விளக்கெண்ணெய் தடவிக் கொடுத்தார். விளக்கெண்ணெய் வாரைத்தான் இளக்கும். இரண்டு நம்பரை எப்படிக் கூட்டும்?

அதைவிடப் பெரிய வினை அத்தையால் வந்தது. என் மாமியாருக்கு உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊர், எங்கே நின்று பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் நான் அடிமேல் அடி வைத்துத்தான் நடக்க முடியும். அதைப் பார்த்துவிட்டு, "எம் மருமக நடைய பாத்தியளா? பூமிக்கு வலிக்குமோன்னுல்ல நடக்குறா! காலும் சின்னக் காலு, அஞ்சாம் நம்பரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பூமிக்கு ஒன்றும் வலிக்கவில்லை. வலித்ததெல்லாம் எனக்குத்தான். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக என் காலை ஒருவர் மெச்சுகிறார். அந்தப் பெயரை விட மனம் வரவில்லை. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

தையில் கல்யாணம். சித்திரையில் திருவிழாவும் தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியும் வந்தன. அத்தை ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடத் திட்டம் போட்டார். காலையில் கோயில், மத்தியானம் மாசி வீதிகளில் சாமான் வாங்குவது, சாயங்காலம் பொருட்காட்சி. அத்தை, அவர், அவருடைய தங்கச்சி, நான் என்று நாலு பேர். முதல் நாளே அவர் எல்லாருடைய செருப்பையும் வரிசையாக வைத்துச் சோதித்தார். தங்கச்சியின் ரப்பர் செருப்பு தேய்ந்துவிட்டது என்று மாற்றச் சொன்னார். அத்தை செருப்பே போடாதவர், அவரிடம் சொல்லிப் பார்த்து ஓய்ந்தார். என்னுடையதை வளைத்துப் பார்த்து, "இதுக்கு ஒரு கொறையும் இல்ல. இதப் போட்டுக்கிட்டு அழகர்மலை வரைக்கும் நடக்கலாம்" என்றார்.

கோயில் எனக்குச் சொர்க்கமாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டதும் விரல் பத்தும் தனித்தனியாக மூச்சு விட்டன. குளிர்ந்த கல் தளம். பிரகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி முடித்தேன், வெளியே போக மனமில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினேன். அப்புறம் இன்னொன்று. ஐந்தாவது சுற்றில் அத்தை தூணோரம் உட்கார்ந்துவிட்டார். "இந்தக் காலத்துப் புள்ளைகள்ல இம்புட்டுப் பக்தி யாருக்கு இருக்கு?" என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கேட்டது எனக்குக் கேட்டது. ஆறாவது சுற்றையும் சுற்றினேன். மீனாட்சி மன்னிக்கட்டும்.

மாசி வீதிகளில் பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, மறுபடியும் முதல் பாத்திரக்கடை. நாலு மணிக்குப் பொருட்காட்சிக்குக் கிளம்பினால், கூட்டத்தால் வைகைப் பாலத்தில் பஸ் நகரவில்லை. இறங்கி நடந்தோம். பாலத்தின் நடுவில் வரும்போது குதிகாலில் தோல் உரிந்துவிட்டது தெரிந்தது. அழுகை வந்தது. முந்தானையால் வியர்வையைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பொருட்காட்சியில் ஒவ்வோர் அரங்கமாகப் போனோம். அணைக்கட்டு மாதிரியில் தண்ணீர் ஓடியது, எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், நான் உட்கார இடம் பார்த்தேன். ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடி அரங்கில் நாத்தனார் என்னைப் பிடித்து இழுத்து ஒரு கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். அதில் இடுப்புவரை ஈர்க்குச்சிபோல ஒல்லியாக இருந்தேன், அதற்குக் கீழே இரண்டு பெரிய முறங்கள்.

"ஐயோ மதினி! உங்க காலைப் பாருங்க!" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தை சிரித்தார், அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பொருட்காட்சியிலேயே என்னைப் பற்றி உண்மை பேசியது அந்தக் கண்ணாடி ஒன்றுதான்.

அடுத்து ராட்டினம். உயரம் என்றால் எனக்குப் பயம், ஆனால் அதில் உட்காரலாம். நாத்தனார் கூப்பிட்டு முடிக்கும் முன்பே தொட்டிலில் ஏறிவிட்டேன். அத்தையும் அவரும் கீழே நின்றார்கள். தொட்டில் மேலே போக ஆரம்பித்ததும் குனிந்து பக்கிளைக் கழற்றி, செருப்பை விரல் நுனியில் தொங்கவிட்டேன். ஆகா, அந்த நிம்மதியை எழுதிக் காட்ட முடியாது. காற்று காலில் பட்டது. தூரத்தில் கோபுரம் தெரிந்தது, வைகை தெரிந்தது, காலை ஆட்டிக்கொண்டு ரசித்தேன். ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வலது கால் செருப்பு நழுவியது. நாத்தனார் கத்தினாள். செருப்பு சுழன்று சுழன்று போய் அத்தைக்கு நாலடி தள்ளி விழுந்தது.

"ஆத்தாடி! எம் மருமக காலுக்குச் செருப்பு பெருசாப் போச்சுடா!" என்று அத்தை போட்ட சத்தம் உச்சிவரை கேட்டது.

இறங்கினேன். அவர் செருப்பைக் கையில் எடுத்து மணலைத் தட்டி வைத்திருந்தார். அவ்வளவு கூட்டத்தில், அவருடைய அம்மா பக்கத்தில் நிற்கும்போது, ஒரு மனுஷன் பெண்டாட்டி செருப்பைக் கையில் வைத்திருக்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "குடுங்க, நானே போட்டுக்கிறேன்" என்றேன். அவர் கேட்கவில்லை. வித்துவான் அல்லவா, ஏன் நழுவியது என்று தெரிந்துகொள்ளாமல் விடுவாரா? அத்தையும் நாத்தனாரும் டெல்லி அப்பளக் கடைப் பக்கம் திரும்பியிருந்த நேரம், குனிந்து செருப்பை என் காலடியில் வைத்து, சேலையை லேசாக விலக்கினார்.

வீட்டிலும் சேலையை இறக்கிக் கட்டியே மறைத்திருந்த என் காலை அப்போதுதான் முதல் தடவையாக முழுதாகப் பார்த்தார். வீங்கிப் போயிருந்தது. பட்டை இருந்த இடத்தில் சிவப்பாகத் தழும்பு, குதிகாலில் ரத்தம். செருப்பைத் திருப்பி அடியில் இருந்த நம்பரைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அவர் எழுந்தார். செருப்பின் வாரைப் பிடித்து ஒரே இழுப்பில் பக்கிளைப் பிய்த்தார். "அம்மா, விழுந்ததுல வார் அந்துபோச்சு" என்று சத்தமாகச் சொன்னார். தன்னுடைய டயர் செருப்பைக் கழற்றி என் முன்னால் தள்ளினார். போட்டேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. எனக்கு வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு சுகம்.

வெறுங்காலோடு நடந்து பழக்கமில்லாத மனிதர், ஐஸ் குச்சி, தின்று போட்ட சோளக்கதிர், சோடா மூடி எல்லாவற்றையும் மிதித்து நொண்டிக்கொண்டு வந்தார். திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"ஈர்க்க ஒடிச்சியா?"

தலையாட்டினேன்.

"எம்புட்டு?"

விரலைக் காட்டினேன். குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு, "காலு பெருசுன்னு நான் ஒன்னையக் கேலி பண்ணுவேன்னு நெனச்சிட்டேல்ல" என்றார். கோபமில்லை, வருத்தம். அது என்னைக் குதிகால் புண்ணைவிட அதிகமாக வருத்தியது. "அம்மாகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றும் சொன்னார்.

மறுநாள் காலை நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். முன்வாசலில் அத்தை பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ராட்டினக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாம் நம்பரே இவ காலுக்குப் பெருசு. தொளதொளன்னு கெடந்துருக்கு, பாவம், வாயத் தொறந்து சொல்லல. ஏடா, சாயங்காலம் கடைக்குப் போயி நாலாம் நம்பர் வாங்கிட்டு வந்துரு!"

"சரிம்மா" என்றார் அவர், குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லாமல்.

நாலாம் நம்பர்! அவர் எனக்காகப் பொய்யைக் கட்டிக் காப்பார், வாங்கியும் வருவார். நாலை நான் போடவும் வேண்டும். அதற்கப்புறம் மூன்று. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தேன். கால் நனைந்திருந்தது. அப்படியே வீட்டுக்குள் நடந்து முன்வாசலுக்கு வந்து, அத்தைக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் வலது காலை ஊன்றி எடுத்தேன். ஈரத்தில் பாதம் அப்படியே பதிந்தது. குதிகாலிலிருந்து பெருவிரல்வரை, ஒரு விரற்கடைகூடக் குறையாமல்.

"அத்தை, இதுதான் என் காலு. ஏழாம் நம்பர். ஈர்க்க நான்தான் ஒடிச்சுக் குடுத்தேன்."

பக்கத்து வீட்டு அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தூணைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தார், என் குதிகால் புண்ணைப் பார்த்தார்.

"அப்ப அந்த நடை?"

"வலி அத்தை."

அத்தையின் குரல் முதல் தடவையாக அடுத்த வீட்டுக்குக் கேட்காத அளவுக்கு இறங்கியது.

"ஏ தாயி, மூணு மாசமா ஒன் வலியவா நான் அழகு அழகுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்?"