காதில் நின்ற தண்ணீர்

அந்த வருடம் எனக்கு ஐந்தாம் வகுப்பு கொடுத்திருந்தார்கள். இலஞ்சியில் வாய்க்காலை ஒட்டினாற்போல் இருந்த பள்ளிக்கூடம் அது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முதல் பீரியடு தமிழ். பிள்ளைகளுக்குக் கண் சொக்குகிற நேரம் என்பதால் நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டு அவர்களைப் பேச வைத்துவிடுவேன். அன்றைக்கு ‘வியந்து பாராட்டினார்’ என்று கரும்பலகையில் எழுதி, ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றேன். முதல் பெண் எழுந்து, புலவரை மன்னர் வியந்து பாராட்டினார் என்றாள். அடுத்தவள் மந்திரியை மன்னர் வியந்து பாராட்டினார் என்றாள். அதற்கடுத்த பையன் கொஞ்சம் துணிச்சல்காரன், அவனுடைய மன்னர் யானையைப் பாராட்டினார். கடைசி வரிசை வரைக்கும் மன்னரை விட்டு யாரும் இறங்கவில்லை.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ராஜாக்களே வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிற காலம் வந்தாயிற்று, இன்னும் ஒருவரை வியந்து பாராட்ட மன்னர்தான் வரவேண்டுமா? “ஏன், உங்க வீட்டுல யாரும் உங்கள மெச்சினதே இல்லையா?” என்று கேட்டேன். வகுப்பு முழித்தது. ஒரு பெண் மட்டும் நன்றாக யோசித்துவிட்டு, தன் அம்மா மாட்டை மெச்சுவாள் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நான் கேட்ட கேள்வி அந்தப் பிள்ளைகளுக்கானது அல்ல என்பது கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

நான் பிறந்தது திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில். எங்கள் ஊரில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், பாராட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு செம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தால் என் அப்பா அந்த மோரை மெச்சுவார், கொண்டுவந்த என்னை மெச்சுவார், பிறகு மோர் கொடுத்த பசுவையும் ஒரு வார்த்தை மெச்சுவார். பருத்தி நன்றாக வெடித்திருந்தால் அடுத்தவன் காடாக இருந்தாலும் வரப்பில் நின்று வாயாரச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். காசா பணமா, சொன்னால் என்ன குறைந்துவிடும் என்பது அவர் கட்சி. அப்படிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவளைத் தென்காசியில் கட்டிக்கொடுத்தார்கள்.

தென்காசியில் தண்ணீர் தாராளம். தெருவுக்கு இரண்டு கிணறு, எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். பாராட்டுதான் கைக்கு எட்டாது. வந்த புதிதில் ஒரு நாள் சொதி வைத்தேன். தேங்காய்ப்பால் திரியாமல், காய் குழையாமல், எனக்கே பெருமையாக இருந்தது. என் மாமியார் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது, “கொற சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல” என்றார். அவ்வளவுதான். நான் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எதிர்வீட்டு அக்கா வந்து, நேற்று உங்கள் வீட்டுச் சொதி அமிர்தமாக இருந்ததாமே, உன் அத்தை கோயிலில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்களே என்றார். உள்ளே இருந்த அத்தை அதைக் கேட்டதும் பால் பொங்குகிறது என்று அடுப்பங்கரைக்கு ஓடினார். அடுப்பில் பாலே இல்லை.

பிறகுதான் எனக்கு அந்த ஊர் வழக்கம் பிடிபட்டது. முகத்துக்கு நேராகச் சொன்னால் கண் பட்டுவிடும், அல்லது தலைக்கனம் ஏறிவிடும். அதனால் பாராட்டுக்கு அங்கே முன்வாசல் கிடையாது. கோயில், கிணற்றடி, எதிர்வீடு என்று சுற்றிப் புழக்கடை வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். எதிர்வீட்டு அக்காவிடம் ஒன்றைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்த்துவிடுவார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் சொன்னால் உடனே புறப்படுகிறார் என்று அர்த்தம்.

இப்படி மாமியாருடைய பாராட்டு எனக்கு அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரருடையது முன்வாசல் வழியாகவும் வரவில்லை, புழக்கடை வழியாகவும் வரவில்லை. அவர் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கிளார்க். நல்ல மனிதர், அதட்டிப் பேச மாட்டார், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும்’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். புதுச் சேலை கட்டினாலும் ஆகட்டும். நான் நடத்திய வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள் என்று வந்து சொன்னாலும் ஆகட்டும். டிபன் கேரியரில் என்ன கட்டிக் கொடுத்தாலும் வழித்துச் சாப்பிட்டுக் காலியாகக் கொண்டுவருவார், வாயைத் திறக்க மாட்டார்.

எங்களுக்குள் இருந்த ஒரே சண்டை சகதி. சாயங்காலம் அவர் சைக்கிளை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினால் சக்கரத்திலிருந்து சகதி உதிர்ந்து வாசல்படியிலிருந்து முற்றம் வரை கோடு போட்டிருக்கும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் உள்ளது நல்ல ரோடு. சாரல் அடித்தால் நனையும், அவ்வளவுதான். இவர் சக்கரத்தில் மட்டும் வயல்காட்டுச் சகதி எப்படி அப்புகிறது என்று கேட்பேன். வழியில் கிடந்தது என்பார். நான் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன்.

வகுப்பில் மன்னர்கள் வரிசையாக வந்துபோன அந்த வாரத்தில்தான் சீசனும் களைகட்டியது. குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கினால் தென்காசிக்காரர்களுக்கு உறவினர்கள் பெருகிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு என் வீட்டுக்காரரின் அக்காவும் அவர் கணவரும் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார்கள். அக்காவை நான் மதினி என்றும் அவர் கணவரை அண்ணாச்சி என்றும் கூப்பிடுவேன். அண்ணாச்சி தங்கமான மனிதர், ஆனால் கேட்காமலே யோசனை சொல்லுவார். நான் விடிவதற்கு முன் எழுந்து எல்லோருக்கும் இட்லி அவித்து வைத்துவிட்டு, இலஞ்சி பஸ்ஸுக்கு ஓடுவதை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது, மாப்பிள்ளை கைநிறையச் சம்பாதிக்கும்போது இந்தப் பெண் எதற்காக இப்படி அல்லாடவேண்டும், வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டில் இருக்கட்டுமே என்றார்.

அவர் என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. நான் என் வீட்டுக்காரரின் முகத்தைத்தான் பார்த்தேன். விடவேண்டாம், அவள் வேலைக்குப் போகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுப்படி வேலையையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருந்தேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டே, “அவ இஷ்டம்” என்றார்.

அந்த இரண்டு சொற்கள் என்னை உட்கார வைத்துவிட்டன. நான் பள்ளிக்கூடம் போவதும் போகாமல் இருப்பதும் இந்த மனிதருக்கு ஒன்றுதான் என்று நினைத்தேன். யாருக்கும் பெரிதாகத் தெரியாத ஒன்றுக்காக ஏன் இந்தப் பாடு? சனிக்கிழமை தலைமை ஆசிரியையைப் பார்த்து, வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன், திங்கட்கிழமை முடிவாகச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டிலும் அதைச் சொன்னேன். அத்தை வெற்றிலை நரம்பைக் கிள்ளினார். என் வீட்டுக்காரர் ஆகட்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் குற்றாலம் போனோம். சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பேரருவியில் அன்றைக்கு நல்ல தண்ணீர். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அவர்கள் பக்கம் போனார்கள், நாங்கள் பெண்கள் பக்கம் போனோம். அருவிக்கு அடியில் நிற்கும்போது எதையும் நினைக்க முடியாது. அதுவே அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது. நாங்கள் குளித்து, உடை மாற்றிக்கொண்டு, கோயில் பக்கத்துக் கடைகளுக்கு வந்துவிட்டோம். அத்தைக்கு உளுந்த வடை வேண்டும் என்பதால் வடைக் கடை முன்னால் நின்றோம். அந்த இடத்துக்கு வந்துவிட்டால் அருவியின் இரைச்சல் பாதியாகக் குறைந்துவிடும். பேசினால் கேட்கும்.

அருவியில் வெகுநேரம் நின்றவர்களைப் பார்த்திருப்பீர்கள். காதில் தண்ணீர் அடைத்திருக்கும். அருவிக்கடியில் எந்தச் சத்தத்தில் பேசினார்களோ அதே சத்தத்தில்தான் வெளியே வந்தும் பேசுவார்கள். தாங்கள் கத்துவது அவர்களுக்குத் தெரியாது. அப்படித்தான் என் வீட்டுக்காரரும் அண்ணாச்சியும், தலைகுனிந்து வேட்டியைப் பிழிந்துகொண்டே, ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அத்தான், அவ பாடம் நடத்துதத நீங்க கேட்டதில்ல. அதான் இப்படிச் சொல்லுதீங்க” என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

“நீ எங்கனலே போய்க் கேட்ட?” என்று அண்ணாச்சியும் கத்தினார்.

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னால வாய்க்கா இருக்குல்லா. அங்கன தென்னை மூட்டுல உக்காந்துதான் மத்தியானம் சாப்பிடுதேன். ஒரு அதட்டு கெடையாது, ஒரு அடி கெடையாது, அம்புட்டுப் பிள்ளையளும் வாயப் பொளந்துட்டுக் கேக்கு. ஆபீஸ்ல ஒத்த பியூன், அவன் நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கான்.”

வடைக்காரர் எண்ணெய்ச் சட்டிக்குமேல் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது சகதிதான். இத்தனை நாள் நான் திட்டிக்கொண்டே கழுவியது இலஞ்சி வாய்க்கால் கரைச் சகதி.

“அன்னைக்குப் பிள்ளையள்ட்ட, ஒங்க வீட்டுல யாரும் ஒங்கள மெச்சினதே இல்லையான்னு கேட்டா. என்னையத்தான் கேக்காளோன்னு இருந்திச்சு அத்தான். சோறு எறங்கல.”

“அப்ப அத அவட்டச் சொல்ல வேண்டியதுதானலே.”

“அதெப்படி மொகத்துக்கு நேரச் சொல்ல?” என்று கத்திக்கொண்டே அவர் எனக்கு நான்கடி தூரத்தில் வந்து நின்றார். “ஆனா அவ வேலைய விட்டுட்டான்னா நான் எங்கன போய்க் கேப்பேன்?”

கடைத்தெருவில் யாரும் பேசவில்லை. அண்ணாச்சி எங்களைப் பார்த்துவிட்டார், மைத்துனரின் முழங்கையை இடித்தார். என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், என் அத்தையைப் பார்த்தார், கரண்டியும் கையுமாக நின்ற வடைக்காரரைப் பார்த்தார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக்காலில் இரண்டு குதி குதித்தார். காதிலிருந்து தண்ணீர் வழிந்தது. சுற்றிலும் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காது இரண்டும் சிவந்துவிட்டன.

“தலைய நல்லாத் தொவட்டு, சளி பிடிச்சிரும்” என்றார் என்னிடம், இந்தத் தடவை எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

முதலில் சிரித்தது வடைக்காரர்தான். பிறகு கடைத்தெருவே சிரித்தது. ஒரு கிழவர், டீச்சரம்மா, வேலையை விட்டுவிடாதீர்கள் என்றார். அத்தை, வடை ஆறிப்போகிறது என்று எல்லோர் கையிலும் வடையைத் திணித்தார். நான் அதை எப்படிச் சாப்பிட்டேன் என்று நினைவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. என் அப்பா என்னை மெச்சிய மெச்செல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது என்று அந்த நிமிடம் நினைத்தேன். அப்பாவுக்கு அது சுலபம், மூச்சு விடுவது மாதிரி. இந்த மனிதருக்கு அப்படியில்லை. அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு, சகதியில் இறங்கி, தென்னை மரத்தடியில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் என்னை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை உப்பும் மிளகாயும் எடுத்து எங்கள் இருவரையும் சேர்த்து நிற்க வைத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். நடுத்தெருவில் வைத்து இப்படியா பேசுவது, எத்தனை கண் பட்டதோ என்று மகனைத் திட்டிக்கொண்டே சுற்றினார். அண்ணாச்சி அதற்குப் பிறகு யோசனை எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையிடம் வேலையை விடவில்லை என்று சொன்னேன். மத்தியான பீரியடில் பின்பக்க ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே பாடம் நடத்தினேன். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து, இன்றைக்கு என்ன இவ்வளவு சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார். தென்னை மரத்தடியில் யாரும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. குட்டு வெளிப்பட்டுவிட்ட கூச்சத்தில் மனிதர் ஆபீஸிலேயே சாப்பிட ஆரம்பித்துவிட்டார். சைக்கிள் சக்கரம் பளிச்சென்று வீடு வந்தது. முற்றத்தைக் கழுவ வேண்டியிருக்கவில்லை. சுத்தமான அந்தத் தரையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரில் கேட்டால் ஆகட்டும் என்பார். அதனால் ஊர் வழக்கப்படியே போவது என்று முடிவு செய்தேன். எதிர்வீட்டு அக்காவிடம் போய்க் கொஞ்சம் உப்பு வாங்கிக்கொண்டு (எங்கள் வீட்டில் உப்பு நிறையவே இருந்தது) பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். “அவுக வந்து வாய்க்காக் கரையில இருந்தாத்தான் எனக்குப் பாடமே ஓடும் போலிருக்குக்கா. அவ்வளவு தூரம் மிதிச்சு வந்து கேக்க யாருக்கு மனசு வரும், சொல்லுங்க. ஆனா இத அவுககிட்டச் சொல்லிராதீங்க.”

“நான் எதுக்குச் சொல்லுதேன்” என்றார் அக்கா, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டே.

இரண்டு நாள் கழித்து, ஐந்தாம் வகுப்புக்குச் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் டிபன் கேரியர் அடுக்கைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அந்தச் செய்யுளை இன்னொரு தரம் முதலிலிருந்து சொன்னேன்.

அன்று சாயங்காலம் வாசல்படியிலிருந்து முற்றம் வரைக்கும் சகதி. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். விளக்கேற்ற வந்த அத்தை, “ஏட்டி, வாசல் பூரா சகதியாக் கெடக்கு, கழுவலையா?” என்றார்.

“கெடக்கட்டும் அத்தை” என்றேன்.

அத்தை சகதியைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சகதிக் கோடு கலையாமல் தாண்டிப் போனார்.