இரண்டாம் குரல்

தைராய்டு கட்டியை எடுத்த பிறகு எனக்குக் குரல் போய்விட்டது. கெட்ட கட்டி இல்லை என்று சோதனையில் வந்துவிட்டது. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடந்ததாம். அது அசந்துபோயிருக்கிறது, திரும்பச் சில மாதங்கள் ஆகலாம், பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

எனக்குக் குரல்தான் பிழைப்பு. திண்டுக்கல்லில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கோவில் பாடகர் குழுவிலும் இருக்கிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கிறிஸ்துமஸ் பூசையில் முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பது நான்தான்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "கேன்சர் இல்லைன்னு ஆயிருச்சுல்ல, ஆண்டவருக்கு நன்றி சொல்லு" என்றார்கள். சொன்னேன். உதடுதான் சொன்னது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கியதும் பாட்டுப் பயிற்சியும் தொடங்கியது. கூடப் பாடுகிற எதிர்வீட்டு அக்கா கூப்பிட வந்தார்.

"நான் வந்து என்னக்கா செய்ய?" என்றேன். காற்றுதான் வந்தது.

"சும்மா வந்து ஒக்காரு. நீ இல்லாம அந்த வரிசை பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு."

போனேன். நான் எடுக்கும் பாட்டை வேறொரு பெண் எடுத்தாள், நன்றாகவே பாடினாள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். என் கணவருக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. அலுத்து வந்தவர், தானே குழம்பைச் சுடவைத்துத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"கோவத்தச் சாமிகிட்டயே சொல்லு. சோத்து மேல காட்டாத."

அன்றைய ஜெபத்தில் நன்றியை விட்டுவிட்டு, மனசில் இருந்த கோபத்தை எல்லாம் சொன்னேன். அழுகையும் வந்தது. பிறகு நன்றாகத் தூங்கினேன்.

வகுப்பில் நான் கிசுகிசுப்பதால் பிள்ளைகளும் கிசுகிசுவென்றே பதில் சொல்லப் பழகியிருந்தார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒருநாள், பின் பெஞ்சில் இரண்டு பேர் ரப்பருக்காக முடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏலே, விடுங்கடா!"

கரகரவென்று, உடைந்து, ஆனால் சத்தமாகவே வந்தது. சண்டைக்காரர்கள் கையை எடுத்துவிட்டார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "டீச்சருக்குச் சத்தம் வந்துருச்சு!" என்று கத்தினாள். வகுப்பே கைதட்டியது. "இன்னொருவாட்டி திட்டுங்க டீச்சர்" என்றான் சண்டை போட்டவர்களில் ஒருவன்.

இடைவேளையில் கணவருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஏலச் சத்தம்.

"யாரும்மா பேசுறது?"

"நான்தாங்க."

அவர் போனோடு கடைக்கு வெளியே வந்தார் போல, ஏலச் சத்தம் தேய்ந்தது. பிறகு, "வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். கேரளா லாரிக்கு லோடு ஏற்றுவதைக் கடைப்பையன்களிடம் விட்டுவிட்டு, பள்ளி விடுவதற்குள் வாசலில் வந்து நின்றிருந்தார்.

மேலே போகிற சுரங்கள் எனக்கு எட்டவில்லை. ஆர்மோனியம் வாசிக்கிறவர் பார்த்துவிட்டு என்னை இரண்டாம் குரலுக்கு மாற்றினார். மெட்டின் அடியில் தணிந்து போகிற வரி அது. இத்தனை வருஷம் என் பக்கத்திலேயே பாடப்பட்டும் அதை நான் கவனித்துக் கேட்டதே இல்லை.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் அந்தப் பெண் முதல் பாட்டை எடுத்தாள். இரண்டாவது அடியில் நான் சேர்ந்துகொண்டேன். ஓரிடத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்தில் இரண்டாம் குரல் பாடிய எதிர்வீட்டு அக்கா அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு போனார், அடுத்த சொல்லில் மறுபடி ஏறிக்கொண்டேன். குடிலில் கிடந்த பாலனைப் பார்த்தபோது, யாரும் சொல்லச் சொல்லாமலே நன்றி வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்றல்ல. நான் திட்டியபோதும் ஆண்டவர் என்னை விட்டுப் போகவில்லை என்பதற்காக.

இன்னும் கொஞ்சம் தேறும் என்கிறார் டாக்டர். தேறட்டும். அன்று மத்தியானம் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே ஓயாமல் பேசினேன். "தொண்டைக்குச் செத்த ஓய்வு குடும்மா" என்று சிரித்தார் கணவர். நான் நிறுத்துவதாக இல்லை.