மூலம் என்றார்கள்

மலத்தில் முதன்முதலாக ரத்தத்தைப் பார்த்த அன்று நான் செய்த வீரச்செயல், தண்ணீரை ஊற்றிவிட்டு வேலைக்குப் போனது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் சூப்பர்வைசர் நான். ஒரு தையல் விலகியிருந்தாலும் ஜோடியையே திருப்பி அனுப்புகிறவள். அந்தக் கண்டிப்பு என் உடம்புக்குப் பொருந்தாது போலிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம். கூடவே ஒரு வாரம் மலச்சிக்கல், அடுத்த வாரம் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை கழிப்பறை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கும் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"சூடு. மோர் குடி."

குடித்தேன். பக்கத்து வீட்டு பாயம்மா சப்ஜா விதை ஊறவைத்துக் கொடுத்தார். அதையும் குடித்தேன். மருந்துக் கடைக்காரர், நான் பேசி முடிப்பதற்குள் மூலத்துக்கு ஒரு களிம்பை எடுத்து வைத்தார். கடைசியாகத் தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் படித்தவர் அல்லவா, முறைப்படி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"மூலம்தாம்மா. காரத்தக் கம்மி பண்ணுங்க."

"ரொம்ப அசதியா இருக்குது சார். மாடி ஏறினா மூச்சு வாங்குது."

"வயசு இன்னா?"

"நாப்பத்தெட்டு."

"அப்ப அப்படித்தான் இருக்கும்."

ஐம்பதை நெருங்கும் பெண்களுக்கென்று வயசு என்ற ஒரு நோய் இருப்பது எவ்வளவு வசதி. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டதும் மலம் கறுத்தது, ரத்தம் கண்ணுக்குத் தெரியவில்லை. குணமாகிவிட்டது என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். இப்படியே எட்டு மாதம் போனது. ஆறு கிலோ இளைத்தேன். "டயட்டாக்கா? சூப்பரா இருக்கீங்க" என்றார்கள் கம்பெனியில். நானும் பெருமையாகச் சிரித்துவைத்தேன்.

என் நாத்தனார் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறாள், நர்ஸ். ஒரு காதுகுத்து விருந்தில் என்னைப் பார்த்தவள், சாப்பிடக்கூட விடாமல் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னா அண்ணி, இப்படி வெளுத்துட்டீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரத்தம் தனியா சொட்டுதா, கலந்து வருதா?"

"கலந்துதான்."

"டாக்டரு உள்ள விரல் வெச்சுப் பாத்தாரா?"

"நாக்கைப் பாத்தாரு."

அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. அங்கே இருந்த பெண் டாக்டர், "மூலமாவும் இருக்கலாம். ஆனா உள்ள பாக்காம அப்படி முடிவு பண்ணக் கூடாது. கொலனோஸ்கோபி பண்ணிடலாம்" என்றார்.

அதற்கு முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்ய லிட்டர் கணக்கில் ஒரு மருந்து. எலுமிச்சைச் சுவை என்று போட்டிருந்தது; எலுமிச்சம்பழத்துக்கு இதைவிட அவமானம் வேறில்லை. நாத்தனார் வீட்டில் ஒரே கழிப்பறை. அன்றைக்கு அது என் சொந்தச் சொத்து. வீட்டிலிருந்த மற்ற நான்கு பேரும் மாடி வீட்டுக்காரர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டு போய்வந்தார்கள்.

மறுநாள் கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்ததில், பெருங்குடலில் காளான் மாதிரி ஒரு சதை வளர்ந்திருப்பது தெரிந்தது. பாலிப் என்றார்கள். குழாய் வழியாகவே அதை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் எனக்குக் கிண்டல் எதுவும் வாயில் வரவில்லை. வீட்டுக்காரர் தினமும் சமையலறைக்கு வந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது புதுசு.

"கேன்சர் இல்ல" என்றார் டாக்டர். "ஆனா அப்படியே விட்டிருந்தா ஆகியிருக்கலாம். மூணு வருஷத்துல திரும்பப் பாக்கணும். கூடப் பொறந்தவங்களையும் பாத்துக்கச் சொல்லுங்க."

எனக்கு ஒரே அண்ணன், பேரணாம்பட்டில். போன் செய்தேன்.

"எனக்கு இன்னாம்மா? கல்லு மாதிரி இருக்கேன்."

சின்ன வயதிலிருந்தே அவர் கல்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் நின்ற நாத்தனாரிடம் கொடுத்தேன். ரத்தம் எப்போதாவது பட்டதுண்டா என்று அவள் கேட்டாள். மெதுவாக, "எப்பனாச்சும்" என்றார்.

அந்த வாரமே பஸ் ஏறி வந்தார். ஆஸ்பத்திரி வரிசையில், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கர்சீப்பால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தார். அவர் பேரைக் கூப்பிட்டதும் எழுந்து நான்கடி நடந்துவிட்டு, திரும்பி வந்து என்னையும் உள்ளே கூப்பிட்டார்.