சந்தேகமே வராத வகுப்பு

“என்ர வகுப்புல இத்தனை வருசமா ஒருத்தனுக்கும் சந்தேகம் வந்ததில்லீங்க! நான் நடத்துனதுக்கு மேல கேக்கறதுக்கு என்னங்க இருக்குது?”

திருச்செங்கோட்டுப் பள்ளி ஒன்றின் ஆண்டுவிழா மேடையில் இப்படி முழங்கியவர் கணக்காசிரியர் தீர்த்தகிரி. பெற்றோர் கைதட்டினார்கள். பிள்ளைகள் அவர்களைவிடப் பலமாகத் தட்டினார்கள். அதில் இருந்த குசும்பு அவர் காதில் விழவில்லை.

அவர் சொன்னது பொய்யுமல்ல. பாடம் முடிந்ததும் மீசையைத் தடவிக்கொண்டு, “யாருக்காச்சும் சந்தேகம் இருக்குதா?” என்பார். முனியப்பன் சிலை வாய்திறந்து கேட்டது போலிருக்கும். முன்பொருநாள் கையைத் தூக்கிய தர்ஷனை, “நின்னுக்கிட்டே யோசி சாமி, தானா வெளங்கும்” என்று மணியடிக்கும்வரை நிற்க வைத்தார். அன்றோடு அந்த வகுப்பில் சந்தேகம் என்னும் நோய் ஒழிந்தது.

ஒருநாள் அறிவியல் ஆசிரியை சித்ரா சோற்றுப் போசியைத் திறந்தபடி சொன்னார்: “ஏனுங்க சார், உங்க ஒம்பதாம் வகுப்புப் புள்ளைங்க இன்ஸ்டாகிராமுல குரூப்பு வெச்சு, உங்க பாடத்துல சந்தேகமாக் கேட்டுத் தள்றாங்களாமா. பேரு ‘சார் போனதும் பேசுவோம்’. பிரீத்திதான் அட்மினுங்க.”

தீர்த்தகிரிக்குத் தயிர்சோறு இறங்கவில்லை. மேடையில் சொன்ன சொல் என்னாவது? கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று, சேவல் படம் ஒட்டி ‘ராசிபுரம் ராசு’ என்றொரு கள்ளக் கணக்கைத் தொடங்கினார். சாயங்காலப் பேருந்தில் உட்கார்ந்து குரூப்பின் கதவைத் தட்டினார்.

“உள்ள வரோணும்னா ஒரு சந்தேகம் கேக்கோணும். சும்மா வேடிக்கை பாக்க வாறவங்களுக்கு எடமில்லை” என்று பிரீத்தி பதில் போட்டாள்.

சந்தேகத்துக்கு அவர் எங்கே போவார்? மூளையைத் துழாவினார். அடியில் ஒன்று கிடந்தது. பள்ளியில் படித்த காலத்திலிருந்து அங்கேயே கிடக்கிறது.

“மைனசை மைனசால பெருக்குனா ஏன் பிளஸ் வருது? எங்க சார், அது விதி, கேள்வி கேக்காதேன்னுட்டாரு.”

“எங்க சாரும் அதையேதான் சொன்னாரு. ரெண்டும் ஒரே அச்சுல வார்த்ததாட்ட இருக்குது. உள்ள வா ராசு!”

அடுத்து தர்ஷன் ஒரு ரீல் போட்டான். அவன் அப்பா ஓட்டும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி பின்னால் நகர்ந்தது. பின்னணியில் அவன் குரல்: “வண்டி ரிவர்சுல போவுது. அது மைனஸ். இப்ப வீடியோவையே ரிவர்சுல ஓட்டறேன். அதும் மைனஸ். வண்டி எங்க போவுதுன்னு நீயே பாரு ராசு.”

லாரி ஜம்மென்று முன்னால் வந்தது.

தீர்த்தகிரி மறுபடி பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கண்டக்டர் தோளைத் தட்டி, “ஏனுங்க வாத்தியாரே, உங்க ஸ்டாப்பு தாண்டி எந்நேரமாச்சு! எறங்கிப் பின்னால நடங்க” என்றார். வாத்தியார் ஊடு வரைக்கும் மைனசில் நடந்தார்.

மறுநாள் பாடம் முடிந்தது. “யாருக்காச்சும் சந்தேகம் இருக்குதா?” வழக்கம்போல் மயான அமைதி. கடைசி பெஞ்சில் இருந்த தர்ஷனை ஒரு கணம் பார்த்தார். மீசையைத் தடவ மறந்துவிட்டு வெளியே போனார்.

சாயங்காலம் அதே பேருந்தில் சேவல் படத்தை எடுத்துவிட்டு, மீசையோடு கூடிய தன் படத்தைப் போட்டார். ராசுவை அழித்துத் தன் பெயரை எழுதினார். குரூப்பில் அதுவரை நடந்த அரட்டை சட்டென்று நின்றது; அச்சு அசல் அவர் வகுப்பேதான்.

அவர் மெதுவாக ஒரு வரி தட்டினார்:

“இன்னொரு சந்தேகம் இருக்குதுங்க.”